யாருடைய மூக்கு?

தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு மனு எழுதுவது எளிது. கம்பத்துக்கு ஓர் எண் இருக்கிறது. குடிநீர் வரவில்லை என்றால் குழாயைத் திறந்து காட்டலாம். புகை வருகிறது, தூசி படிகிறது, நாற்றம் அடிக்கிறது என்று எழுத உட்காரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. எப்போது அடிக்கிறது? சில நேரம். எங்கிருந்து? காற்று வீசுகிற பக்கத்திலிருந்து. எவ்வளவு? இதற்கு என்ன எழுதுவது? இரவு பதினொரு மணிக்குக் குழந்தை இருமிக்கொண்டே இருந்ததை எந்தப் படியில் அளந்து காட்டுவது? மூன்று நாள் கழித்து சுகாதார ஆய்வாளர் வருவார். தெருமுனையில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்ப்பார். "இப்ப ஒண்ணும் அடிக்கலையேம்மா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே அடித்திருக்காது.

"அடிக்கலையேம்மா" என்ற அந்தச் சொல்லைப் பெண்கள் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறோம். மாதவிடாய் வலியைச் சொன்னபோது, பிள்ளை பெற்ற பிறகும் ஆறாத முதுகு நோவைச் சொன்னபோது, கூட்டமான பேருந்தில் ஒரு கை பட்டதைச் சொன்னபோது. உனக்கு அப்படித் தோன்றுகிறது என்றார்கள். இன்னொருவர் உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து எப்படி நம்புவது என்பது தத்துவத்தில் பழைய கேள்வி. அலுவலகத்தில் அது பழைய கேள்விகூட இல்லை, ஆதாரம் எங்கே என்ற ஒரே கேள்வி.

ஆகவே பெண்ணின் மூக்கை நம்பு என்று எழுதி இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். முடியாததற்குக் காரணம், மூக்கு அவ்வளவு களங்கமற்ற உறுப்பு அல்ல. எது நாற்றம் என்று அதற்கு வீடு கற்றுக்கொடுத்திருக்கிறது, தெரு கற்றுக்கொடுத்திருக்கிறது, சாதி கற்றுக்கொடுத்திருக்கிறது. குப்பைமேட்டுப் புகையைப் பற்றி மனு கொடுப்பவரும், கீழ்வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று மனு கொடுப்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். இருவரும் எழுதுவது ஒரே சொல்: தொல்லை. உள்ளாட்சி அலுவலகம் இருவரின் மனுவையும் ஒரே பதிவேட்டில்தான் ஏற்றுகிறது. இந்த இரண்டு தொல்லைகளும் ஒன்றா? இல்லையென்றால், வேறுபாட்டை எங்கே வைத்துப் பார்ப்பது?

சட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பொதுத்தொல்லை என்ற குற்றம் 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 268ஆம் பிரிவாக இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 270ஆம் பிரிவு. பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ பொதுவான தீங்கு, ஆபத்து, தொந்தரவு விளைவிப்பது என்று அது விரிகிறது. தீங்கும் ஆபத்தும் தொந்தரவும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒரு தொழிலோ வணிகமோ ஊராரின் உடல்நலத்தையோ உடல் வசதியையோ கெடுத்தால், அதை நிறுத்தவோ முறைப்படுத்தவோ அகற்றவோ உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வழக்கறிஞர்கள் வாயில் புழங்கிய அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. இது வலிமையான கருவி. ஆனால் இப்படி ஒன்று இருப்பது மனு எழுதும் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. காற்றை நலக்கேடாக்கும் குற்றத்துக்குத் தனிப் பிரிவும் உண்டு. 1860இல் அதற்கு விதித்த உச்ச அபராதம் ஐந்நூறு ரூபாய். 2023இல் புதிய சட்டம் இயற்றியவர்கள் அதை ஆயிரமாக்கினார்கள். நூற்று அறுபத்து மூன்று ஆண்டுகளில் காற்றின் விலை ஏறியது இவ்வளவுதான்.

சட்டம் எழுதப்பட்ட காலத்தில் மூக்குக்கு இருந்த மதிப்பே வேறு. கெட்ட வாடையே நோயைக் கொண்டுவருகிறது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த எட்வின் சாட்விக், 1846இல் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, கடுமையான எந்த நாற்றமும் நோய்தான் என்கிற பொருளில் சாட்சி சொன்னார். கனவான்களின் மூக்கு முகம் சுளித்தால் அது அறிவியல், உடனே சட்டமும் ஆகும். பிறகு கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டன, வாடை நோயல்ல என்று தெரிந்தது, மூக்கு பதவி இழந்தது. அதன் இடத்துக்குக் கருவி வந்தது. நல்லதுதான். ஆனால் மூக்கின் சாட்சியம் செல்லாமல்போன காலமும், ஏழைகளும் பெண்களும் மனுவோடு அலுவலகத்துக்கு வரத் தொடங்கிய காலமும் அருகருகே அமைந்துவிட்டதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கருவி என்ன அளக்கிறது என்பதற்கு ஓர் அரிசி ஆலையின் கதை போதும். நான் சில ஆண்டுகள் குடியிருந்த சிற்றூரில், ஊருக்கு நடுவில் புழுங்கலரிசி ஆலை. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். புகைபோக்கியிலிருந்து கறுப்புத் தூள் சுழன்று இறங்கும். மாடியில் காயும் துணியில், திறந்த தண்ணீர்த் தொட்டியில், வடகத்தில், பிள்ளையின் இமையில். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு வெள்ளை வேட்டியைக் காலையில் கொடியில் போட்டு, மதியம் எடுத்து, அப்படியே மடித்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். மேசைமேல் விரித்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், அதட்டவெல்லாம் இல்லை. "துணியை வீட்டுக்குள்ளயே காயப்போட்டுக்கலாமேம்மா" என்றார்.

அந்த யோசனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆலையின் கரி ஆலை முதலாளியின் செலவாக இருக்க வேண்டியது. அது காற்றில் ஏறி வந்து, மறுபடி துவைக்கும் ஒரு பெண்ணின் ஒரு மணி நேர உழைப்பாக இறங்குகிறது. துணியை உள்ளே காயப்போடு, சன்னலைச் சாத்து, தொட்டியை மூடு, தரையை இருமுறை துடை. தொல்லையைப் பொறுத்துக்கொள்வது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது பெரும்பாலும் கூலியில்லாத வேலை. இது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மேலே எழுதிப்போட்டதன் பேரில் பிறகு அளவீடும் நடந்தது. நுண்துகளுக்கான தேசியத் தரம் இருபத்து நான்கு மணி நேரச் சராசரியைக் கேட்கிறது. பத்து மைக்ரானுக்கும் சிறிய துகள் ஒரு கனமீட்டர் காற்றில் நூறு மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அளவுக்குள்தான் இருந்தது. இருக்காதா பின்னே? வேட்டியில் கண்ணுக்குத் தெரிந்த கரி பத்து மைக்ரானைவிடப் பெரியது, அது அந்தக் கணக்கிலேயே சேராது. கொதிகலன் மூட்டும் இரண்டு மணி நேரத்து அடர்புகையும், சும்மா இருந்த இருபத்திரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். துகள் நுரையீரலுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை அறியும் கேள்விக்கு அந்தக் கருவி சரியான கருவி. வேட்டி கேட்ட கேள்வி வேறு. கடைசியில் ஆலை கொதிகலனை இரவில் மூட்டத் தொடங்கியது. இரவில் கொடியில் துணி இருக்காது, புகையும் கண்ணுக்குத் தெரியாது. மனு தீர்வு செய்யப்பட்டது என்று பதில் வந்தது.

தீர்வு செய்யப்பட்டது. இந்தச் சொற்றொடரைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். சென்னையில் 1913 என்ற எண்ணுக்கு அழைத்தால் புகாருக்கு எண் தருவார்கள். குப்பைத்தொட்டி நாறுகிறது என்று ஒரு தெருவிலிருந்து அழைப்பு போகிறது. மறுநாள் ஒரு வண்டி வருகிறது, தொட்டி காலியாகிறது, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் வட்டமாகத் தூவப்படுகிறது. புகார் முடிந்தது. நாற்றம் முடிந்துவிட்டதா? அது வண்டியேறிப் போயிருக்கிறது. பல பத்தாண்டுகளாக நகரின் வடக்கிலிருந்து கொடுங்கையூருக்கும் தெற்கிலிருந்து பெருங்குடிக்கும் அது போய்க்கொண்டிருந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மேல் எழுந்தது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது. நகரம் முழுவதும் ஆயிரம் தெருக்களில் தனித்தனியாகத் தீர்க்கப்பட்ட புகார்கள் ஒன்றாகக் கூடி எரிந்த புகை அது. அந்தப் பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. கொடுங்கையூரிலோ எரிஉலை வேண்டாம் என்று மக்கள் போராட வேண்டியிருக்கிறது.

வண்டியில் ஏற்றுவது யார் கை? பெரும்பாலும் ஒரு தலித் பெண்ணின் கை, பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. நம்முடைய தெருவின் நாற்றப் புகாருக்கு உள்ளாட்சி தரும் பதில், நடைமுறையில், இன்னொரு பெண்ணை அந்த நாற்றத்தின் நடுவில் நிறுத்துவது. அவருக்கு மூக்கு இல்லையா? அவர் எந்த எண்ணுக்கு அழைப்பார்? அவர் கொடுக்க வேண்டிய புகாரைத்தான் நாம் அவருக்கே வேலையாகக் கொடுத்திருக்கிறோம். புகார் தீர்ப்பது என்று நம் உள்ளாட்சிகள் செய்வதில் பெரும்பகுதி இடமாற்றம். யாருடைய சொல் அம்பலம் ஏறுமோ அவர் வாசலிலிருந்து எடுத்து, யாருடைய சொல் ஏறாதோ அவர் வாசலில் வைப்பது.

இந்த வேலைக்கு ஒரு நீதிநெறியும் உண்டு, அதற்கு நீண்ட வம்சாவளியும் உண்டு. 1879இல் லண்டனில் ஒரு மருத்துவருக்கும் பக்கத்துத் தின்பண்டக்காரருக்கும் இடையே வழக்கு. தின்பண்டக்காரரின் உரலும் உலக்கையும் போடும் சத்தத்தைப் பற்றியது. தீர்ப்பில் நீதிபதி போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: செல்வர்கள் வாழும் பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாக இருப்பது பெர்மாண்ட்சியிலும் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை. பெர்மாண்ட்சி அன்று லண்டனின் தோல் பதனிடும் பகுதி. அங்கே இருப்பவர்களுக்குப் பழகியிருக்கும் என்பதுதான் கருத்து. இன்றுவரை சட்டக் கல்லூரிகளில் இது பாடம். நம் ஊரில் இதைப் பாடமாகப் படிக்காமலேயே எல்லா அதிகாரிகளுக்கும் தெரியும். தொழிற்சாலைகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு புகை வருகிறது என்றால் எப்படி? அங்கே முதலில் இருந்தது மீனவக் குப்பமா தொழிற்சாலையா என்பதை யாரும் கேட்பதில்லை. மூக்குக்கும் முகவரி உண்டு.

அதற்கும் முன்னே, 1610இல், நார்ஃபோக்கில் ஒருவர் பக்கத்து வீட்டுப் பன்றிக்கொட்டிலின் வாடை பற்றி வழக்குப் போட்டார். பன்றியும் மனிதருக்கு வேண்டியதுதான், அதன் வாடையைக்கூடப் பொறுக்காத அளவு ஒருவருக்கு மெல்லிய மூக்கு இருக்கக்கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தூய காற்று வீட்டோடு சேர்ந்தது என்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன் தோற்றுப்போன அந்த மெல்லிய மூக்கு வாதம் தாலுகா அலுவலகங்களில் இன்னும் வெற்றிபெற்றுக்கொண்டிருக்கிறது. எப்போதும் இல்லை. மனு கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து.

இனி மறுபக்கம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பவிருந்த வயதான பெண் ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் கோபமாக நியாயம் கேட்ட காணொளி பரவியது. ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார். அதோடு செய்தி முடிந்தது. ஆனால் அந்தப் பேருந்தில் நடந்தது ஒரு நாற்றப் புகார் விசாரணைதான். விரைவாக, எந்த அளவீடும் இல்லாமல், ஒரு நொடியில் தீர்ப்பான விசாரணை. இரவு நேரத்துச் சிறுவர்களின் இருமலுக்குக் கேட்கும் ஆதாரத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. நடைபாதை மீன்கடை, இறைச்சிக்கடை, தெருவோர இட்லி அடுப்பு, இவற்றுக்கு எதிராகக் குடியிருப்போர் சங்கங்கள் எழுதும் மனுக்களில் பலவற்றுக்கும் இதே வேகம் உண்டு. இறங்கிப்போவது பெரும்பாலும் கூடை சுமக்கும் பெண்.

தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல இடம் கொடுங்கள். பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம்தான், நல்லதும் கெட்டதும் அதற்குள் அடக்கம். நாறுதல் பூவும் செய்யும். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது, தொடுவுணர்வுக்கும் சுவைக்கும் அடுத்து மூன்றாவதாக மூக்கை வைக்கிறது. கறையானும் எறும்பும் அந்த மூவறிவு உயிர்கள். பார்க்கும் முன்பே, கேட்கும் முன்பே முகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொல் எப்படியோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்று நாற்றம் என்றால் கெட்டது மட்டும்.

நற்றிணையில் 45ஆம் பாட்டு நெய்தல் நிலத்துப் பெண்ணைப் பற்றியது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. தேர் வைத்திருக்கும் செல்வர் மகன் ஒருவன் கடற்கரைச் சிறுகுடிப் பெண்ணைத் தேடி வருகிறான். தோழி மறுக்கிறாள். இவள் மீன் பிடிக்கும் பரதவர் மகள், நீ நெடிய கொடிகள் ஆடும் ஊர்ச் செல்வன் மகன். நாங்கள் மீனை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் வீசும், தள்ளி நில் என்கிறாள். கடலையே வயலாகக் கொண்ட எங்கள் வாழ்வு உன்னுடையதோடு ஒப்பிடத்தக்கதல்ல, எங்களிடமும் பெருந்தன்மை உடையவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். இந்தப் பாட்டை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் மாணவிகள் தோழி வெட்கப்படுகிறாள் என்றே முதலில் சொல்வார்கள். இன்னொரு முறை படித்தால், அந்தக் குரலில் வெட்கம் இல்லை. நாற்றத்தைத் தானே எடுத்துச் சொல்கிறாள், அதை வைத்து எல்லை போடுகிறாள். நகர வேண்டியவன் வந்தவன். குளச்சல் பேருந்து நிலையத்தில் கேட்ட குரலுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

அப்படியானால் குப்பைப் புகைக்கும் கருவாட்டு வாடைக்கும் வேறுபாட்டை எங்கே வைப்பது? தீங்கு வேறு, அருவருப்பு வேறு. தீங்கை மட்டும் புகாராக ஏற்றுக்கொள்ளலாம் என்பது பலர் சொல்லும் விடை. எனக்கு அது பாதிதான் போதுமானது. தீங்கு எது என்று முதலில் தெரிவிப்பதே பல வேளைகளில் மூக்குதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில், உரத் தொழிற்சாலைக்குக் கடலடிக் குழாய் வழியாக வரும் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து, கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். யாரும் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. மூக்கு சொன்னதை நம்பி ஓடினார்கள். அதன்பின் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடினார்கள், பெண்கள் முன்வரிசையில். அருவருப்பு, தொந்தரவு என்று ஒதுக்கப்படும் புலன்தான் அன்று காப்பாற்றியது.

எனவே மூக்கைத் தள்ளிவிடாமல், அது சொல்வதோடு சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வாடையால் யாருக்கு லாபம்? புகார் செய்பவர் தப்பித்துக்கொள்ள முடியுமா, சன்னலைச் சாத்தவோ வீடு மாறவோ வழியுண்டா? புகார் ஏற்கப்பட்டால் எதிரிலிருப்பவர் இழக்கப்போவது எதை, ஒரு வடிகட்டிக்கு ஆகும் செலவையா, அன்றைய சோற்றையா? கருவாட்டுக்காரிக்கு எதிரான மனு இந்தக் கேள்விகளில் நிற்காது. அரிசி ஆலைக்கு எதிரான வேட்டி நிற்கும். நடுவில் கடினமானவையும் உண்டு. சீமைக்கருவேலக் கட்டையை மூட்டம் போட்டுக் கரி சுடும் சிறு குடும்பத்தின் புகை பக்கத்துத் தெருக் குழந்தைக்கு வீசிங் கொண்டுவருகிறது. இருவரும் ஏழைகள், இருவரும் சொல்வது உண்மை. இந்த இடத்தில் என் கேள்விகள் விடை தருவதில்லை. உள்ளாட்சிதான் அந்தக் குடும்பத்துக்கு வேறு இடமோ வேறு வழியோ தர வேண்டும். அது தராதபோது இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் எதிராக மனு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளாட்சி தர மறுத்ததைத் தரச் சொன்ன ஒரு வழக்கு நமக்கு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி. திறந்த சாக்கடை, சாராய ஆலையின் கழிவுநீர், கழிப்பறை இல்லாத குடிசைவாசிகள் வேறு வழியின்றித் தெருவோரம் கழிக்கும் மலம், எல்லாம் சேர்ந்த நாற்றம் தாங்காமல் குடியிருப்போர் 133ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் போனார்கள். நகராட்சி இரண்டு வாதங்களை வைத்தது. பணம் இல்லை. இன்னொன்று, இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே அங்கே வீடு கட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 1980இல் இரண்டையும் தள்ளியது. தீர்ப்பெழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். எனக்கு முக்கியமாகத் தெரிவது அவர் அதன்பின் கேட்டது. அந்தக் குடிசைவாசிகள் ஏன் தெருவில் உட்காருகிறார்கள் என்று கேட்டார். வறுமையில் நாணம்கூட எட்டாத பொருளாகிவிடுகிறது என்ற கருத்தில் எழுதினார். குடிசைகளை அகற்று என்று சொல்லவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் வசதியோடு பொதுக்கழிப்பறை கட்டு, சாக்கடையைச் சரிசெய், ஆலைக் கழிவைத் தடு என்றார். புகார் கொடுத்தவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். பலன் பெறவேண்டியவர்களில், விடிவதற்கு முன் எழுந்து மறைவிடம் தேடிய பெண்களும் இருந்தார்கள். நாற்றப் புகாரை ஆளை அகற்றும் உத்தரவாக்காமல், அது எங்கே தொடங்குகிறதோ அங்கே போய்ப் படித்த தீர்ப்பு அது.

இருபது ஆண்டு கழித்து, 2000இல், டெல்லியின் குப்பையைப் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. ஆக்கிரமித்துக் குடிசை போட்டவருக்கு மாற்றிடம் தருவது ஜேப்படித் திருடனுக்குப் பரிசு தருவது போல என்றது. குப்பையைப் பற்றித் தொடங்கிய பேச்சு மனிதர்களைப் பற்றி முடிந்தது. மனுவை வாங்கும் ஒவ்வொரு அலுவலரும் இந்த இரண்டு தீர்ப்புகளில் ஒன்றின் மனநிலையில்தான் இருக்கிறார், எதையும் படிக்காமலேயே.

பொதுத்தொல்லை என்ற சொல்லில் உள்ள 'பொது'வையும் விட்டுவிட முடியாது. புகை வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனால்தான் தொல்லை. விறகடுப்பின் புகை, அதை மூட்டியவளின் நுரையீரலுக்குள்ளேயே போய் அடங்கிவிட்டால் அது யாருக்கும் தொல்லையில்லை, அதற்கு மனுவும் இல்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கண்ணில் நீர் வழிய ஊதுகுழலோடு குனிந்திருந்த என் ஆச்சிக்கு, இது ஒரு பிரச்சினை என்று யாரும் சொன்னதில்லை. சமையல் வாசனை நன்றாக இருக்கிறது என்று மட்டும் கூடத்திலிருந்து சொன்னார்கள். கேஸ் அடுப்பு வந்தபின்பும் சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் பல வீடுகளில் விறகு திரும்பி வருகிறது. அந்தப் புகையை எந்த ஆய்வாளரும் வந்து முகர்ந்து பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் 2016இல் பெண்களுக்கு ஐம்பது சதவீத இடஒதுக்கீடு சட்டமானது. மனு வாங்கும் நாற்காலிகளில் பாதி பெண்களுக்கானவை. சில இடங்களில் கணவர் பின்னாலிருந்து பேசுகிறார் என்பது உண்மை. எல்லா இடத்திலும் அப்படியில்லை என்பதும் உண்மை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாநகராட்சி தன் குப்பையை 2000 முதல் விளப்பில் என்ற பஞ்சாயத்தின் விளப்பில்சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்து அந்த ஆலையின் வாயிலைப் பூட்டியது. அடுத்த ஆண்டு காவல்துறையோடு வந்த வண்டிகளை ஊர் திருப்பி அனுப்பியது. குப்பை போக இடமில்லாதபோதுதான் நகரம் தன் வீடுகளிலேயே குப்பையைப் பிரிக்கவும் மக்கவைக்கவும் கற்கத் தொடங்கியது. ஒரு சிறிய ஊராட்சி தன் மக்களின் மூக்கை நம்பியதால் ஒரு பெரிய மாநகராட்சியின் பழக்கம் மாறியது. பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் அப்படிப் பூட்டுப்போடத் தனி ஊராட்சி இல்லை, இரண்டும் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கின்றன. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே அலுவலகம்.

சென்ற பருவத்தில் மாணவிகளிடம், உங்கள் ஊரின் வாடையைப் பற்றி ஒரு மனு எழுதுங்கள் என்று பயிற்சி கொடுத்தேன். கோழிப்பண்ணை ஈ, கல்குவாரித் தூசி, தோல் கழிவு, தென்னைநார்த் தூள் என்று வந்தன. தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள் ஆணையருக்கு எழுதியிருந்தாள். தெருவாரியாக வீட்டு எண்களைப் போட்டு, எந்தெந்த வீட்டில் ஈரக் குப்பையையும் நாப்கினையும் பிரிக்காமல் ஒரே பையில் கட்டித் தருகிறார்கள் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல். அம்மா சொல்லச் சொல்ல எழுதியதாம். பொருள் என்ற இடத்தில் 'நாற்றத் தொல்லை குறித்து' என்று இருந்தது. அந்தப் பட்டியலில் எங்கள் கல்லூரி விடுதியும் இருந்தது. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருத்தி எழுந்து, விடுதியில் பிரித்துப்போட எத்தனை வாளி வேண்டும் என்று கேட்டாள்.